போனைப் பார்க்காமல் எட்டுப் பாட்டு

போன், தாள், நோட்டு எதுவும் முன்னால் இல்லாமல் கிடாரில் எட்டுப் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை வாசிக்க முடிகிறது. போன மாசம் குலதெய்வக் கோவிலில் கெடா வெட்டு. ஒறம்பரைகள் (உறவினர்கள்) எல்லாம் சாப்பிட்டு முடித்து மண்டபத்தில் சாய்ந்திருந்த நேரத்தில் எட்டையும் வாசித்துப் பார்த்தேன். ஏழு நன்றாக வந்தது. ஒன்று பாதியில் கவிழ்ந்தது. கவிழ்ந்தது எட்டிலேயே சுலபமான பாட்டு என்பதால்தான் இதை எழுதி வைக்கத் தோன்றியது.

எனக்குத் தொழில் தறி. சோமனூர் பக்கம் நாலு விசைத்தறி போட்டுக் கூலிக்கு ஓட்டுகிறோம். கிடார், கோவையில் காலேஜ் படித்தபோது வந்த பழக்கம். இத்தனை வருஷமும் வாசித்தது போனைப் பார்த்துத்தான். கார்ட் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கிற விரல்பிடி) போட்ட வரிகள் திரையில் நகரும், விரல் பின்னாலேயே போகும். போன் அணைந்தால் பல்லவியின் இரண்டாம் வரியோடு சரி. இத்தனைக்கும் பாட்டெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். வரி மறக்காது, மெட்டு மறக்காது, கைக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. கண் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தால் காது எதற்கு மெனக்கெடப் போகிறது?

ஆடியில் ஆரம்பித்தேன். தை பிறந்துதான் கைக்கு வந்தது.

முதலில் கிடாரைச் சரி செய்ய வேண்டியிருந்தது. பாட்டு மனப்பாடம் ஆவதற்கும் கிடார் ரிப்பேருக்கும் என்ன சம்பந்தம் என்றால், நிறைய இருக்கிறது. கம்பி உயரமாக நின்றால் ஒவ்வொரு கார்ட் மாற்றும்போதும் விரலை அமுக்குவதிலேயே கவனம் போய்விடும். அடுத்தது என்ன என்று யோசிக்க இடமே இருக்காது. கிடாரின் கழுத்தில் (நெக்) குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட். என்னுடைய கிடாரில் 12-வது ஃப்ரெட்டின் மேல், தடித்த ஆறாவது கம்பியின் உயரம் 3.4 மி.மீ. சாதாரண மரக் கிடாருக்கு 2.2 முதல் 2.5 வரை இருந்தால் கைக்கு இதம். ஒல்லிக் கம்பிக்கு இன்னும் கொஞ்சம் கம்மி.

கம்பியின் உயரத்தைக் குறைக்க சேடிலைத் தேய்க்க வேண்டும். கிடாரின் உடம்பில் கம்பிகளைப் பிடித்திருக்கிற பிரிட்ஜில், அவை ஏறி உட்காருகிற அந்த வெள்ளைத் துண்டுதான் சேடில். 12-வது ஃப்ரெட் கம்பியின் நீளத்தில் சரிபாதி என்பதால், சேடிலில் 2 மி.மீ. எடுத்தால் அங்கே 1 மி.மீ. இறங்கும். கணக்கு அவ்வளவுதான். சேடிலை உருவி, அடியிலிருந்து 2 மி.மீ. அளந்து பென்சிலில் கோடு போட்டேன். பழைய கண்ணாடித் துண்டின் மேல் 120 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, சேடிலின் அடிப்பக்கத்தை அதில் தேய்த்தேன். கண்ணாடி எதற்கென்றால் அடி சமமாக வர வேண்டும். கையில் பிடித்துத் தேய்த்தால் ஓரம் உருண்டு, பிரிட்ஜோடு முழுசாக உட்காராமல் சத்தம் செத்துவிடும். தேய்த்து மாட்டியதும் 2.4. கச்சிதம் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் கம்பியை மாற்றினேன். ஏற்கனவே இருந்தது 12 செட் (எண் குறையக் குறையக் கம்பி ஒல்லி). அதை முழு சுருதிக்கு ஏற்றினால் நெக்கின் மேல் 70 கிலோவுக்கு மேல் இழுவை விழும். 10 செட் போட்டால் 60 பக்கம் அடங்கும். விரலுக்கு நல்லதுதான், ஆனால் இழுவை குறைந்ததும் வளைந்திருந்த நெக் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டது. நெக் நிமிர்ந்தால் கம்பி இன்னும் இறங்கும். இது போதாதென்று, நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்கிற ட்ரஸ் ராடையும் முறுக்கினேன்.

நெக் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று பார்ப்பது சுலபம். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அமுக்குகிற கவ்வி) மாட்ட வேண்டும். நெக் உடம்போடு சேருகிற இடத்தில் ஆறாவது கம்பியை அமுக்க வேண்டும். இப்போது அந்தக் கம்பியே அளவுகோல். ஏழாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பில்லர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்) விட்டுப் பார்க்க வேண்டும். கேஜுக்குப் பக்கத்து வண்டிப் பட்டறைத் தம்பியிடம் போனேன்.

"ஏனுங்ண்ணா, கிடாருக்குமா டேப்பட் பாக்கோணும்?"

"பாக்கோணும் தம்பி. பொழுதோட கொண்டாந்து குடுத்தர்றேன்."

கேஜில் 0.4 மி.மீ. தகடு நுழைந்தது. 0.25 பக்கம் இருந்தால் போதும் என்பதால் அலன் கீயைக் கால் சுற்று வலப்பக்கம் முறுக்கினேன். மறுநாள் பார்த்தால் 0.2. கம்பி உயரம் 2-க்கு வந்துவிட்டது. மெதுவாக மீட்டினால் ஒன்றும் இல்லை. நான் அடிக்கிற அடிக்கு ஆறாவது கம்பி ஃப்ரெட்டில் பட்டு "கிர்ர்" என்றது. ஒல்லிக் கம்பிக்கு ஆட்டம் அதிகம், அதுவும் சேர்ந்துகொண்டது.

ஆக, வரிசை இதுதான்: முதலில் கம்பி, ஒரு நாள் ஆறவிட்டு ட்ரஸ் ராட், கடைசியில் சேடில். நான் செய்தது அப்படியே தலைகீழ். விசிட்டிங் கார்டு ஒன்றை வெர்னியரில் வைத்தேன், 0.3 மி.மீ. காட்டியது. இரண்டு பட்டை நறுக்கிச் சேடிலுக்கு அடியில் கொடுத்ததும் கம்பி உயரம் 2.3-க்கு ஏறியது, சத்தமும் நின்றது. அட்டையோடு ரொம்ப நாள் விட மனசில்லை. எலும்புச் சேடில் ஒன்று 220 ரூபாய்க்கு வாங்கி, இந்த முறை கொஞ்சம் தேய்ப்பது, மாட்டி அளப்பது, மறுபடி தேய்ப்பது என்று போனேன். எலும்பு பிளாஸ்டிக்கைவிட மெதுவாகத்தான் தேயும். அவசரக்காரனுக்கு அதுவே பாதுகாப்பு.

எங்கள் பக்கம் உள்ளவர்களுக்கு இன்னொன்று. தறிக்கூடம் உள்ள வீட்டில் பஞ்சுத் தூசி கிடாரின் எந்தச் சந்துபொந்தையும் விடாது. ட்யூனிங் கீயின் பல்லில் பஞ்சு சுற்றிக்கொண்டு முறுக்கவே முடியாமல் இருந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். அதோடு மாசி, பங்குனியில் காற்று காய்ந்துபோனால் மரம் சுருங்கி ஃப்ரெட்டின் நுனிகள் நெக்கின் ஓரத்தில் விரலைக் கீறும். அதை அரம் போட்டுத் தேய்க்க வேண்டாம். கிடாரை உறையில் மூடி வைத்து, உள்ளே ஈரத்துணி போட்ட, துளையிட்ட சோப்பு டப்பா ஒன்று வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

கிடார் கதை போதும். இனி பாட்டு.

முதலில் இருபதுக்குப் பக்கத்தில் எழுதினேன். பிடித்த பாட்டு, பிடித்த பாட்டு என்று எழுதிக்கொண்டே போனால் பட்டியலுக்கு முடிவு ஏது? கழிப்பதற்கு மூன்று விதி வைத்துக்கொண்டேன். இரண்டு சரணமும் வரி தெரிந்திருக்க வேண்டும். என் குரலுக்கோ தங்கச்சி குரலுக்கோ எட்ட வேண்டும். ஆறு கார்டுக்கு மேல் போகக் கூடாது. மூன்றாவது விதியில்தான் பாதிப் பட்டியல் போனது.

மனசு வராமல் கழித்தது "கண்ணே கலைமானே". கண்ணதாசன் கடைசியாக எழுதியதாகச் சொல்லப்படுகிற பாட்டு. கேட்க ஒரு எளிய தாலாட்டு மாதிரிதான் இருக்கும். கார்ட் போடப் போனால் மேஜர் வகை போட்டாலும் ஒரு இடத்தில் உறுத்துகிறது, மைனர் போட்டாலும் இன்னொரு இடத்தில் உறுத்துகிறது. கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கற்ற தங்கச்சிதான் விஷயத்தைச் சொன்னாள்: அது காபி ராகச் சாயல், காபியில் இரண்டு காந்தாரமும் ("க" சுரத்தின் இரண்டு வகை) வரும். மேஜரா மைனரா என்பதைத் தீர்மானிப்பதே அந்தக் காந்தாரம்தான். இரண்டையும் வைத்திருக்கிற பாட்டுக்கு ஒரே கார்டை மாட்டினால் ஏதாவது ஒன்று தொண்டையில் நிற்கத்தானே செய்யும்.

கடைசியில் நின்ற எட்டில் "இளைய நிலா பொழிகிறது", "என் இனிய பொன் நிலாவே", "இளமை எனும் பூங்காற்று", "சின்னச் சின்ன ஆசை" ஆகிய நாலும் கிடார் கையில் இருந்தால் யாராவது கட்டாயம் கேட்கிற பாட்டுகள். மற்ற நாலில் இரண்டு எம்.எஸ்.வி. காலத்தவை, ஒன்று முருகன் பாட்டு, ஒன்று அம்மாவுக்காக.

முதலில் கை வைத்தது "இளைய நிலா"வில். 1982-இல் "பயணங்கள் முடிவதில்லை" படத்துக்கு இளையராஜா போட்டது. அதில் வருகிற கிடாரை வாசித்தவர் அவர் குழுவில் இருந்த சந்திரசேகர். தமிழில் கிடார் தொட்ட யாருக்கும் அந்த ஆரம்பத்தை வாசித்துவிட வேண்டும் என்று ஒரு ஆசை இருக்கும். நானும் கம்பி எண், ஃப்ரெட் எண் போட்ட தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுரமாக ஏற்றினேன். ஏறியது. ஆனால் நடுவில் ஒரு சுரம் வழுக்கினால் மறுபடி முதலிலிருந்துதான். பாதியில் ஏறத் தெரியவில்லை. நாலு பேர் முன்னால் இது உதவாது.

அதைத் தூக்கிப் போட்டுவிட்டு எளிய மீட்டலுக்கு வந்தேன். வலக்கையில் கட்டைவிரல் தடித்த கம்பிகளுக்கு. ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் முறையே மூன்று, இரண்டு, ஒன்றாம் கம்பிகளுக்கு. கட்டை, ஆள்காட்டி, நடு, ஆள்காட்டி, மோதிரம், ஆள்காட்டி, நடு, ஆள்காட்டி. எட்டு மீட்டு, ஒரு சுற்று. ஒலிப்பதிவில் இருப்பது இது அல்ல, யாரும் அப்படி நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எந்தக் கார்டிலும் வலக்கை இதையே சுற்றிக்கொண்டிருக்கும் என்பதால், இடக்கை ஒரு கணம் தடுமாறினாலும் பாட்டு நிற்பதில்லை. கேட்கிறவர்கள் மனசில் மிச்சத்தை நிரப்பிக்கொள்கிறார்கள்.

அடுத்தது "பொன் நிலாவே". 1980-இல் வந்த "மூடுபனி", இளையராஜாவின் நூறாவது படம், யேசுதாஸ் குரல். இங்கே ஒரு வேடிக்கை. இரண்டும் நிலா, இரண்டும் மைனர், இரண்டிலும் கிடார். ஒன்றைப் பாட ஆரம்பித்தால் கை இன்னொன்றின் சரணத்தில் போய் நிற்கிறது. இரண்டையுமே நான் ஏ மைனர் வடிவத்தில் ஏற்றியிருந்ததுதான் வினை. கைக்கு வரி தெரியாது, வடிவம்தான் தெரியும். வடிவம் ஒன்றாக இருந்தால் அதற்கு இரண்டும் ஒரே பாட்டு.

"பொன் நிலாவே"யை ஈ மைனர் வடிவத்துக்கு மாற்றினேன். இந்த இடத்தில்தான் கார்ட் பெயர்களை விட்டுவிட்டு எண்ணுக்கு வந்தேன். பாட்டின் அடி சுரத்தில் நிற்கிற கார்ட் 1. அங்கிருந்து ஏறுவரிசையில் எண்ணினால் 2, 3, 4, 5, 6, 7. ஏ மைனரை 1 என்று வைத்தால் 6 என்பது எஃப். ஈ மைனரை 1 என்று வைத்தால் அதே 6 சி. "1, 7, 6" என்று வாயில் சொல்லிப் பழகினால் எந்த வடிவத்துக்கும் அது பொருந்தும். முதல் ஃப்ரெட்டில் ஒரே விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே போட்டு அமுக்குகிற எஃப் கார்ட் வராதவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம்: ஈ மைனருக்கு மாறினால் அந்தத் தொல்லையே பாதிக்கு மேல் ஒழிந்தது.

பாடுகிறவர்கள் சுருதியைச் சொல்லுகிற கட்டையும் கேப்போவும் சேருகிற கணக்கையும் இதோடு போட்டு வைத்தேன். 1 கட்டை என்பது சி, ஒன்றரை என்பது சி ஷார்ப், 5 என்பது ஜி, ஐந்தரை என்பது ஜி ஷார்ப். தங்கச்சிக்கு ஐந்தரை. "அஞ்சரைக்கு வெச்சுக் குடுங்ண்ணா, நான் பாடிக்கறேன்" என்பாள். ஈ மைனர் வடிவத்தை வைத்து நாலாவது ஃப்ரெட்டில் கேப்போ மாட்டினால் அவளுக்கு ஐந்தரை. எனக்கு ஒன்றரை. ஏ மைனர் வடிவம், அதே நாலாவது ஃப்ரெட். கேப்போவை நகர்த்தாமலே அவள் "பொன் நிலாவே" பாட, நான் "இளைய நிலா" பாட முடிகிறது. இப்படி அமைந்தது அதிர்ஷ்டம்தான்.

எண்களைத் தறிக்கூடத்துக்கு வெளிச்சுவரில் கரிக்கட்டியில் எழுதினேன். எழுதியது நல்லது. அங்கேயே விட்டது நல்லதில்லை. போனைப் பார்த்த கண் இப்போது சுவரைப் பார்த்தது. ஒவ்வொரு பாட்டும் பாதி ஏறியதும் அதற்குரிய வரியை ஈரத்துணியால் அழித்துவிட்டேன்.

இப்போது சிக்கலான இடம். பல்லவி தனியாகக் கேட்டால் வாசிப்பேன், சரணம் தனியாகக் கேட்டாலும் வாசிப்பேன். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற இடத்தில் விழுந்தேன். தறியில் பாவு (நீளவாட்டு நூல்) சுற்றிய உருளையான பீம் ஒன்று தீர்ந்தால் பாவு பிணைக்க ஆள் வருவார். பழைய பாவின் ஒவ்வொரு இழையையும் புதுப் பாவின் இழையோடு முடிச்சுப் போடுவார். துணியில் பின்னால் கோளாறு தெரிந்தால் நெசவில் தேடுவதற்கு முன்னால் அந்த முடிச்சுப் பக்கம்தான் பார்ப்போம். பாட்டிலும் அப்படியே இருந்தது.

தமிழ் சினிமாப் பாட்டில் இந்த முடிச்சு அதிகம். பல்லவி, இடையிசை, சரணம், பல்லவி, மறுபடி இடையிசை, இரண்டாம் சரணம், பல்லவி. அதிலும் ராஜா பாட்டென்றால் முதல் இடையிசை ஒன்று, இரண்டாவது வேறொன்று. வயலின், புல்லாங்குழல் எல்லாம் வந்து போகும். ஒற்றைக் கிடாரை வைத்துக்கொண்டு அதையெல்லாம் வாசிக்கப் பார்த்தால் பாட்டும் போகும், மானமும் போகும். கேட்கிறவர்களோ அந்த இடையிசையை வாயாலேயே முணுமுணுப்பார்கள். அதனால் அதை முழுசாக விடவும் முடியாது.

நான் வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. இடையிசை எவ்வளவு நீளம் இருந்தாலும் எட்டுச் சுற்றுதான். முதல் ஆறு சுற்றுக்குப் பல்லவியின் கார்டுகளே. கடைசி இரண்டில் மட்டும் சரணத்தின் முதல் சுரத்தை நோக்கி நாலாவது, ஐந்தாவது கம்பியில் மூன்று நாலு சுரம் இறங்கி வருவது. பாடுகிறவருக்கு அதுவே எடுப்பு. அடுத்தது சரணம் என்று அது எனக்கும் சொல்லிவிடும். எட்டுப் பாட்டுக்கும் இந்த இறங்கு வரிசை வேறு வேறாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். நேரம் அதிகம் எடுத்தது இந்த வேலைதான், பலன் கொடுத்ததும் இதுதான்.

மனப்பாடத்தைக் கடைசியிலிருந்து ஆரம்பிப்பது இன்னொரு வழி. இரண்டாம் சரணத்தின் கடைசி வரியும் பல்லவியும் முதலில். அதற்கு முந்தைய வரி அப்புறம். அதற்கு முந்தையது அதற்கும் அப்புறம். இப்படிப் பின்னால் போய்க்கொண்டே இருந்தால், வாசிக்கும்போது தெரியாத இடத்திலிருந்து தெரிந்த இடத்துக்குப் போகிறோம். முன்னாலிருந்து ஏற்றினால் முதல் பல்லவி ஆயிரம் தடவை வாசித்ததாக இருக்கும், இரண்டாம் சரணம் அரைகுறையாகவே நிற்கும். என் பழைய பாட்டுகள் எல்லாவற்றிலும் இதே கோளாறு இருந்தது.

அப்புறம் சீட்டு. சின்னத் தாள்களில் "பொன் நிலா, 2-ஆம் சரணம்", "பூங்காற்று, முதல் இடையிசை முடிவு" என்று எழுதி ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி, வந்ததை அந்த இடத்திலிருந்தே வாசிப்பது. ஆரம்பத்தில் படு கேவலமாக இருந்தது. இது வர ஆரம்பித்த பிறகுதான், நடுவில் யாராவது கூப்பிட்டாலும், குழந்தை வந்து கம்பியை இழுத்தாலும், மறுபடி அதே இடத்தில் ஏற முடிந்தது.

தாளத்துக்கு மெட்ரோனோம் எதற்கு, தறியே இருக்கிறதே என்று நினைத்தேன். நினைப்பு நல்லதுதான். நாலு தறியும் ஓடினால் நாலும் நாலு தாளத்தில் அடிக்கும். எதைப் பிடிப்பது? மூன்று பாவு தீர்ந்து நின்று ஒன்று மட்டும் ஓடிய நாளில் முன் அறையில் உட்கார்ந்து அதற்கு வாசித்தேன். நிமிடத்துக்கு 130 சொச்சம் அடி, பாதியாக எடுத்துக்கொண்டால் 65. மெதுவான பாட்டுக்குச் சௌகரியமான ஓட்டம். பதிவு செய்து கேட்டால் பாட்டு போகப் போக இழுத்துக்கொண்டே போனது. பொழுது சாய்ந்ததும் ஊரெல்லாம் விளக்குப் போட, வோல்டேஜ் இறங்க, தறி தளர, நானும் கூடவே தளர்ந்திருக்கிறேன். காதில் ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. அதற்கப்புறம் செருப்பில்லாத காலைச் சிமென்ட் தரையில் தட்டுவதோடு சரி. வாரத்துக்கு ஒரு தடவை போன் மெட்ரோனோமோடு ஒத்துப் பார்த்துக்கொள்வேன்.

கிடார் இல்லாமலும் பழகலாம். வண்டியில் நூல் எடுக்கப் போகும்போது பாட்டை மனசுக்குள் ஓட்டி, கார்ட் எண்களை மட்டும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போவேன். கருமத்தம்பட்டி போவதற்குள் இரண்டு பாட்டு முடியும். வாய் திக்குகிற இடத்தில் கை கட்டாயம் திக்கும். பொழுதோட வீட்டுக்கு வந்து அந்த இடத்தை மட்டும் வாசித்தால் போதும்.

கெடா வெட்டு நாள். ஏழு பாட்டும் சொன்னபடி கேட்டன. "இளைய நிலா"வின் இரண்டாம் சரணத்தில் ஒரு கார்டை மாற்றிப் போட்டேன், வலக்கை சுற்றிக்கொண்டே இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. தங்கச்சி பாடியதற்குத்தான் கைதட்டல் அதிகம். நியாயம்தான்.

கவிழ்ந்தது "சின்னச் சின்ன ஆசை". 1992-இல் வந்த "ரோஜா", ஏ.ஆர். ரஹ்மானின் முதல் படம், மின்மினி பாடியது. நான் அதை ஜி வடிவத்தில், இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ வைத்துப் பழகியிருந்தேன். வாசிப்பதில் ஒரு சிக்கலும் இல்லாத பாட்டு. அதனால் சீட்டுக் குலுக்கலில்கூட அதைச் சேர்க்கவில்லை. மண்டபத்தில் நான் சுருதி கொடுப்பதற்குள் பிள்ளைகள் கூட்டமாக எடுத்துவிட்டார்கள், என் சுருதிக்கு மூன்று ஃப்ரெட் மேலே. கேப்போவைப் பிடுங்கி ஐந்தாவது ஃப்ரெட்டில் மாட்டினேன். ஜி வடிவத்துக்கு அது சி, அதாவது 1 கட்டை. கணக்கு சரி. சத்தம் சரியில்லை. மலிவான ஸ்பிரிங் கேப்போ கம்பியை அமுக்குகிற அமுக்கில் சுருதி கொஞ்சம் ஏறும். அவசரத்தில் கோணலாக வேறு மாட்டியிருந்தேன். மூன்றாவது கம்பி பிள்ளைகளோடு சேராமல் தனியாகக் கத்தியது. ட்யூனரைத் தேடுகிற நேரத்துக்குள் அவர்கள் கையைத் தட்டிக்கொண்டே வேகத்தை ஏற்றிவிட்டார்கள். நான் கம்பியை அமுக்கி நிறுத்திவிட்டு அவர்களோடு சேர்ந்து பாட ஆரம்பித்தேன்.

பிள்ளைகள் இருக்கிற இடத்தில் அந்தப் பாட்டை முதலிலேயே ஐந்தாவது ஃப்ரெட்டில் வைத்துக்கொண்டு, கேப்போ மாட்டிய பிறகு சுருதி பார்த்துத் தயாராக உட்கார்ந்திருக்க வேண்டும். கேப்போவை ஃப்ரெட்டை ஒட்டி, அதன் மேலே ஏறாமல் மாட்டினால் சுருதி ஏறுவது குறையும். திருகு வைத்த கேப்போ என்றால் அமுக்கத்தைத் தேவைக்கு வைத்துக்கொள்ளலாம், விலை கொஞ்சம் கூட. அடுத்து வாங்கப்போவது அதுதான். பாட்டு வரிசையிலும் ஒரே ஃப்ரெட்டில் கேப்போ வருகிறவற்றை அடுத்தடுத்து வைத்தால் நடுவில் சுருதி பார்க்கிற வேலை மிச்சம்.

செலவு: 10 செட் கம்பி 480, எலும்புச் சேடில் 220, ஸ்பிரிங் கேப்போ 350, கிளிப் ட்யூனர் 320, உப்புத்தாள் 25. மொத்தம் 1,395. பில்லர் கேஜும் வெர்னியரும் இரவல். கிடார் வாங்கியபோது கொடுத்தது 4,500. அதற்கு இன்னொரு கிடார் வாங்கியிருக்கலாமே என்று மாமா சொன்னார். வாங்கியிருந்தால் அதிலும் சேடிலைத் தேய்த்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

கம்பியை மட்டும் இனி 11 செட்டுக்கு மாற்றப் போகிறேன். 10 விரலுக்குச் சுகம், ஆனால் மண்டபம் மாதிரித் திறந்த இடத்தில் சத்தம் எட்டுவதில்லை. பின்வரிசையில் இருந்த அத்தைக்குத் தங்கச்சி குரல் மட்டும்தான் கேட்டதாம். கம்பி மாற்றி, ஒரு நாள் ஆறவிட்டு, ட்ரஸ் ராட் பார்த்து, அப்புறம்தான் சேடில். கேஜ் கேட்டுப் போனால் பட்டறைத் தம்பி சிரிக்கத்தான் செய்வான்.

ஒன்பதாவதாக "கண்ணே கலைமானே"யை மறுபடி எடுத்திருக்கிறேன். இந்தத் தடவை கார்டே இல்லாமல் மெட்டை மட்டும் இரண்டாவது, மூன்றாவது கம்பிகளில் தனிச் சுரமாக ஏற்றுகிறேன். எந்த இடத்தில் எந்தக் காந்தாரம் என்று கைக்குத் தெரிந்த பிறகு கார்டைப் பார்த்துக்கொள்ளலாம். பல்லவி வந்துவிட்டது.